கிணற்றுத் தவளை என்னும் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவன் நான். 'கிணற்றுத் தவளை' என்ற சொல்லைப் பற்றி மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் பல முறை கேட்ட கேள்விகளை இங்கே திரட்டி விடை எழுதியிருக்கிறேன். சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர்களின் குறுகிய மனத்தைச் சுட்டுவதற்கென்றே உண்டான சொல் இது என்று பலரும் நினைக்கிறார்கள். சொல்லின் வரலாறு அந்த எண்ணத்துக்கு இடம் தரவில்லை. அதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற விருப்பமே இதை எழுத வைத்தது.

கிணற்றுத் தவளை என்று யாரைச் சொல்கிறோம்?

தான் வாழும் சிறிய வட்டத்தையே உலகம் என்று நம்பி, அதற்கு அப்பால் இன்னொன்று இருக்கக்கூடும் என்பதை ஏற்க மறுப்பவரை இவ்வாறு சொல்கிறோம். 'குறுகிய மனப்பான்மை' என்று கட்டுரைகளில் எழுதுவதைப் பேச்சில் இந்தச் சொல்லால் சொல்லிவிடுகிறோம். 'கிணற்றுத் தவளைக்கு நாட்டு வளப்பம் ஏன்?' என்ற பழமொழியும் உண்டு. கிணற்றை விட்டு வெளியேறாத தவளைக்கு நாட்டின் வளத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்பது அதன் பொருள்.

அறியாமை வேறு, இது வேறு என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கடலையே பார்க்காத ஒருவர் கடலைப் பற்றிக் கேள்விப்பட்டு, 'அது எப்படி இருக்கும்?' என்று கேட்டால் அவர் அறியாதவர் மட்டுமே; அறிய விரும்புகிறவரும்கூட. கடலைப் பார்த்து வந்தவர் அதைப் பற்றிச் சொல்லும்போது, 'அப்படி ஒன்று இருக்கவே முடியாது' என்று வாயடைப்பவருக்குத்தான் இந்தச் சொல் பொருந்தும்.

இந்தச் சொல் தமிழில் எவ்வளவு பழமையானது?

ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழில் இந்த உவமை வழங்கிவருகிறது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான பழமொழி நானூற்றில், முன்றுறை அரையனார் பாடிய வெண்பா ஒன்று இவ்வாறு தொடங்குகிறது: 'உணற்கினிய இந்நீர் பிறிதுழி இல்லென்னும் கிணற்றகத்துத் தேரைபோல் ஆகார்.' அந்நூலின் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பழமொழி அமைந்திருக்கும். இந்தப் பாட்டில் அமைந்த பழமொழி 'கற்றலிற் கேட்டலே நன்று' என்பது. நாள் முழுவதும் சலிப்பில்லாமல் நூலை ஓதிக் கற்பதைவிட, அறிந்தவர் சொல்லக் கேட்பது நல்லது. அப்படிக் கேட்கிறவர்கள், 'குடிக்க இனிய இந்தத் தண்ணீர் வேறெங்கும் இல்லை' என்று சொல்லும் கிணற்றுத் தேரையைப் போல ஆக மாட்டார்கள் என்பது பாட்டின் கருத்து.

இந்தப் பாட்டை நிறுத்திப் படிக்கும்படி ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே தேரைக்கு ஒப்பாகச் சொல்லப்படுபவர் ஊரை விட்டு வெளியேறாத உழவரும் அல்லர், வலை பின்னும் மீனவரும் அல்லர். பொழுது விடிந்து பொழுது அடையும்வரை ஏட்டை வைத்துக்கொண்டு தானே படித்து, தான் படித்ததே முடிவு என்று இருந்துவிடும் கல்வியாளர்தான் அந்த ஆபத்தில் இருக்கிறார். இன்று சிற்றூர்க்காரரைப் பார்த்து நாம் வீசும் சொல், முதலில் படித்தவரை எச்சரிப்பதற்காகச் சொல்லப்பட்டது.

அடுத்து, தேரை என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 'இந்நீர் உணற்கினிது' என்பது ஒரு கூற்று. 'பிறிதுழி இல்' என்பது இன்னொரு கூற்று. முதல் கூற்றில் தவறே இல்லை. எங்கள் கரையில் வாழ்ந்தவர்களுக்கு அது நன்றாகப் புரியும். தோண்டிய இடத்திலெல்லாம் உவர்நீர் சுரக்கும் ஊரில் ஒரு கிணறு மட்டும் இனிக்கும் என்றால், அந்தக் கிணற்றை ஊரே கொண்டாடும். தனுஷ்கோடி மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, ஊறிவரும் நல்ல தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பும் பெண்களுக்கு, இரு பக்கமும் கடல் கிடக்கும்போது அந்த ஒரு குடம் நீர் எவ்வளவு பெரிய பேறு என்று தெரியும். தங்கச்சிமடத்துக்கு அருகே கடலுக்குள்ளேயே வில்லூண்டித் தீர்த்தம் நன்னீராக இருப்பதை இன்றும் வந்து பார்த்து வியக்கிறார்கள். ஆகவே தன் கிணற்று நீர் இனிது என்று தேரை சொன்னால் அது நன்றியுணர்வு. 'வேறெங்கும் இல்லை' என்ற அடுத்த சொல்லில்தான் மனம் குறுகிப்போகிறது. பார்க்காத இடங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் துணிச்சல் அதற்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் புலவரின் கேள்வி.

பாட்டில் தேரை என்று இருக்கிறது. நாம் தவளை என்கிறோம். இரண்டும் ஒன்றா?

ஒரே இனத்தைச் சேர்ந்தவை, ஆனால் ஒன்றல்ல. சொரசொரப்பான தோலும் குட்டையான கால்களும் கொண்டு, பெரும்பாலும் தரையில் வாழ்வது தேரை. வழவழப்பான தோலும் நீண்ட பின்னங்கால்களும் கொண்டு நீரை ஒட்டி வாழ்வது தவளை. பேச்சு வழக்கில் தவளையே நிலைத்துவிட்டது. பொருள் மாறவில்லை.

'கூபமண்டூகம்' என்பதும் இதுதானா?

ஆம். வடமொழியில் 'கூபம்' என்றால் கிணறு, 'மண்டூகம்' என்றால் தவளை. தர்க்க நூல்களிலும் உரைகளிலும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் வழக்காறுகளுக்கு 'நியாயம்' என்று பெயர். அந்த வரிசையில் கூபமண்டூக நியாயமும் ஒன்று. வடமொழி கலந்து எழுதிய தலைமுறையினரின் தமிழ் உரைநடையிலும் மேடைப் பேச்சிலும் 'கூபமண்டூகம்' என்ற வடிவம் வந்திருக்கிறது, இன்று அருகிவிட்டது. எங்கள் பகுதிச் சந்தையிலோ ஏலக் கூடத்திலோ அதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது; 'கெணத்துத் தவள' என்றால் சிறு பிள்ளைக்கும் விளங்கும்.

விவேகானந்தர் சொன்ன தவளைக் கதைக்கும் ராமநாதபுரத்துக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை, இந்தக் கரையில் பிறந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தொடர்பும்கூட. 1893ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் சிகாகோவில் தொடங்கிய உலக சமய மாநாட்டில் விவேகானந்தர் ஆற்றிய முதல் உரை எல்லாருக்கும் தெரியும். நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 15ஆம் நாள், சமயத்தார் ஒருவரோடு ஒருவர் ஏன் மாறுபடுகிறார்கள் என்பதை விளக்க அவர் ஒரு சிறு கதை சொன்னார். கிணற்றிலேயே பிறந்து வளர்ந்த தவளையிடம் கடலிலிருந்து ஒரு தவளை வந்து சேர்கிறது. கிணற்றுத் தவளை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தாவிக் காட்டி, 'உன் கடல் இவ்வளவு பெரிதா?' என்று கேட்கிறது. கடலைக் கிணற்றோடு எப்படி ஒப்பிட முடியும் என்று வந்த தவளை சொல்கிறது. என் கிணற்றைவிடப் பெரிது எதுவும் இருக்க முடியாது, இவன் பொய்யன், இவனை வெளியேற்றுங்கள் என்று கிணற்றுத் தவளை முடிவு கட்டிவிடுகிறது.

கதையைச் சொல்லிவிட்டு அவர் பிறரைக் குறை சொல்லவில்லை. இந்துவாகிய நான் என் சிறு கிணற்றில் உட்கார்ந்துகொண்டு இதுவே உலகம் என்கிறேன் என்று தம்மிடமிருந்தே தொடங்கினார். கிறித்தவரும் இசுலாமியரும் அவரவர் கிணற்றில் அப்படியே இருக்கிறார்கள் என்று அதன் பிறகுதான் சொன்னார். இந்த வரிசையை மாணவர்களுக்குச் சொல்லும்போது நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன்.

அந்தப் பயணத்துக்கு அவரை ஊக்கப்படுத்தி உதவியவர்களுள் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி முக்கியமானவர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுற்றிய பின், இலங்கை வழியாகத் திரும்பிய விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் பாம்பனில் இறங்கினார். மன்னரே நேரில் வந்து வரவேற்றார். அவர் ஏறிய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்கள் இழுத்துச் சென்றபோது மன்னரும் அவர்களோடு சேர்ந்து இழுத்தார். பாம்பனில் குந்துகால் கரையில் இன்று நினைவு மண்டபம் இருக்கிறது. கிணற்றை விட்டு வெளியே வா என்று உலகத்துக்குச் சொன்ன ஒருவரை அனுப்பிவைக்கவும், திரும்பி வந்தபோது தோள் கொடுத்து வரவேற்கவும் இந்தக் கரைக்கு மனம் இருந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இந்தக் கதை சீனாவிலும் உண்டா?

உண்டு. சீன ஞானி சுவாங்சுவின் பெயரால் வழங்கும் நூலில், இலையுதிர்கால வெள்ளத்தைப் பற்றிய பதினேழாம் பகுதியில் இக்கதை வருகிறது. அங்கே வருவது கடல் தவளை அன்று, கீழைக் கடலின் ஆமை. இடிந்த கிணற்றில் வாழும் தவளை தன் இன்பங்களையெல்லாம் விரித்துச் சொல்லி, உள்ளே வந்து பார்க்கும்படி ஆமையை அழைக்கிறது. ஆமையும் வரத்தான் முயல்கிறது. இடக்காலை முழுவதும் வைப்பதற்குள் வலது முழங்கால் சிக்கிக்கொள்கிறது. பிறகு அது கடலைப் பற்றிச் சொல்கிறது: பத்து ஆண்டுகளில் ஒன்பது வெள்ளம் வந்தபோதும் கடல் நீர் ஏறவில்லை, எட்டு ஆண்டுகளில் ஏழு பஞ்சம் வந்தபோதும் கரை உள்வாங்கவில்லை. தவளை திகைத்து நிற்கிறது.

விவேகானந்தர் சொன்ன தவளை விருந்தாளியை விரட்டுகிறது. சீனத் தவளை திகைக்கிறது. திகைக்கும் தவளைக்கு இன்னும் வழி இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அதே பகுதியில் இன்னொரு வரியும் இருக்கிறது. கிணற்றுத் தவளையிடம் கடலைப் பற்றிப் பேச முடியாது, ஏனென்றால் இடம் அதைக் கட்டிவைத்திருக்கிறது. கோடைப் பூச்சியிடம் பனிக்கட்டியைப் பற்றிப் பேச முடியாது, ஏனென்றால் காலம் அதைக் கட்டிவைத்திருக்கிறது. தான் பிறந்த காலத்துக்கு முன்னும் பின்னும் எதுவும் இல்லை என்று நினைப்பதும் ஒரு கிணறுதான் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறு உவமையை நான் படித்ததில்லை. சப்பானிய மொழியிலும் கொரிய மொழியிலும் கிணற்றுத் தவளை அன்றாடப் பழமொழியாக வாழ்கிறது.

கடலில் தவளை வாழுமா?

கடற்கரைப் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வி. நம் ஊர்த் தவளைகள் கடலில் வாழா. தவளையின் தோல் வழியே நீர் எளிதாக உள்ளும் புறமும் செல்லும் என்பதால், உப்பு நீரில் விழுந்தால் உடலில் உள்ள நீரை இழந்துவிடும். கடல் தவளை கதைக்காக வந்த உயிர். ஆமை அப்படியன்று. மன்னார் வளைகுடாவில் ஐந்து வகைக் கடலாமைகள் இருக்கின்றன. பேராமையும் பங்குனி ஆமையும் எங்கள் மீனவர்களுக்குப் பழகிய பெயர்கள். கடல் கடந்து போய்த் திரும்பும் உயிரைக் கதைக்குத் தேர்ந்தெடுத்த வகையில் சீனக் கதையே பொருத்தமானது.

'குண்டுச் சட்டியில் குதிரை ஓட்டுவது' என்பதற்கும் இதே பொருளா?

நெருங்கிய பொருள், ஆனால் குற்றம் வேறு. தவளைக்கு வெளியுலகம் தெரியாது; தெரிந்துகொள்ளவும் மறுக்கிறது. குண்டுச் சட்டியில் குதிரை ஓட்டுகிறவரிடம் குதிரை இருக்கிறது, ஓட்டும் திறமையும் இருக்கிறது. ஆனால் ஓட்டும் இடம் உருண்டைச் சட்டி என்பதால் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறார். திறமை இருந்தும் துணிந்து வெளியே வராதவரைப் பற்றிப் பேசும்போது இந்தத் தொடர் சரியாக அமையும். தெரியாததை இல்லை என்பவருக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு ஒன்றை மாற்றி எழுதுவதை இதழ்களில் அடிக்கடி காண்கிறேன்.

'பட்டிக்காடு' என்று சொல்வதும் இதைத்தான் குறிக்கிறதா?

இல்லை. இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் இந்தக் குழப்பத்தால் எங்கள் பிள்ளைகள் காயப்பட்டிருக்கிறார்கள். வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, பேச்சின் ஓசையை வைத்துப் 'பட்டிக்காடு' என்று அழைக்கப்பட்டு, அதன் பிறகு வகுப்பில் வாயே திறக்காமல் மூன்றாண்டுகளைக் கழித்த பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும்.

'பட்டி' என்பதன் பழைய பொருள்களுள் ஒன்று கால்நடைகளை அடைக்கும் இடம். அதிலிருந்து சிறு குடியிருப்பையும் குறித்தது. கோவில்பட்டி, உசிலம்பட்டி என்று எத்தனையோ ஊர்கள் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 'பட்டினம்' கடற்கரை நகரம். தேவிபட்டினம், பெரியபட்டினம் என்று எங்கள் கரையிலேயே காணலாம். 'பட்டணம்' பெருநகரம். இவை மூன்றும் இடத்தின் வகையைச் சொல்லும் சொற்கள். 'பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்தது போல' என்று பழமொழி சொல்லும்போது, புதியதைக் கண்டு வியந்து நிற்கும் ஒருவரைச் சொல்கிறது. வியந்து நிற்பவர் கிணற்றுத் தவளைக்கு நேர் எதிரானவர் அல்லவா? தவளை வியக்காது, வியக்க மறுப்பதுதான் அதன் நோய். அப்படியிருக்க இரண்டையும் ஒரே வசைச் சொல்லாக ஆக்கிக்கொண்டது பெரும் பிழை.

நகரத்தை உயர்த்தி ஊரைத் தாழ்த்தும் சொற்கள் தமிழில் இன்னும் சில உண்டு. 'நாகரிகம்' என்ற சொல்லே 'நகரம்' என்பதிலிருந்து வந்தது. ஆனால் திருக்குறள் அதைக் கையாளும் இடத்தைப் பாருங்கள். 'பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்' என்ற குறளில், பழகியவர் நஞ்சு ஊற்றுவதைக் கண்டும் அதை உண்டு அமையும் கண்ணோட்டத்துக்கு அந்தப் பெயரை வள்ளுவர் தருகிறார். நகரத்தில் வீடு இருப்பதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 'நாட்டுப்புறம்' என்பது ஒரு காலத்தில் ஏளனச் சொல்லாக இருந்தது. நாட்டுப்புறப் பாடல்களையும் கதைகளையும் தொகுத்து ஆராயத் தொடங்கிய பின் அதுவே ஒரு கல்வித் துறையின் பெயராகிவிட்டது. பழைய பழக்கத்தை விடாதவரைச் 'சுத்தக் கர்நாடகம்' என்று சொல்லும் வழக்கு மட்டும் மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது. ஏளனச் சொற்களுக்கும் பொருள் மாறும் என்பதற்கு இவை சான்று. 'பட்டிக்காடு' என்ற சொல்லும் மாற வேண்டும் என்று விரும்புகிறேன்.

மற்ற மொழிகளில் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இந்தக் குணத்துக்கான சொல் இடத்தின் பெயரிலிருந்தே பிறந்திருக்கிறது. இத்தாலிய மொழியில் 'கம்பனிலிஸ்மோ' என்கிறார்கள். 'கம்பனிலே' என்றால் தேவாலயத்தின் மணிக்கூண்டு. தன் ஊர் மணிக்கூண்டு கண்ணுக்குத் தெரியும் தொலைவோடு உலகம் முடிந்துவிடுகிறது என்று எண்ணும் மனத்தை அது குறிக்கிறது. செர்மானியர்களும் தன் ஊரைத் தாண்டிப் பார்க்காத அரசியலுக்குத் தேவாலயக் கோபுரத்தை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் கடலில் கோபுரத்துக்கு வேறு வேலை. கரையில் தெரியும் தேவாலய உச்சியையும் பள்ளிவாசல் மினாராவையும் கோவில் கோபுரத்தையும் பனங்கூட்டத்தையும் அடையாளம் வைத்துக்கொண்டுதான், தொலைவுக்குப் போன வல்லம் என்னும் மீன்பிடி படகு கரை திரும்புகிறது. கோபுரம் மறையும் தொலைவுக்கும் போனவருக்குத்தான் அது மீண்டும் தெரிவதன் அருமை புரியும்.

ஆங்கிலத்தின் 'பரோக்கியல்' என்ற சொல்லின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பங்குத்தந்தையின் கீழ் அடங்கிய பங்கைச் சார்ந்தது என்பது அதன் நேர்ப்பொருள். அதிலிருந்து தன் பங்கைத் தாண்டிச் சிந்திக்காத மனம் என்ற பொருள் வந்தது. அதன் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. அங்கே 'பாரொய்கோஸ்' என்றால் அருகில் வந்து தங்கியிருப்பவர், அயலூரிலிருந்து வந்து குடியிருப்பவர். அந்நியரைக் குறித்த சொல், நூற்றாண்டுகள் கடந்து, அந்நியரை ஏற்காத மனத்தைக் குறிக்கும் சொல்லாக முடிந்திருக்கிறது.

'இன்சுலர்' என்ற சொல்லும் உண்டு. 'தீவைச் சார்ந்தது' என்ற இலத்தீன் வேரிலிருந்து வந்து, தீவுக்காரர் போலத் தனித்து ஒதுங்கிய குறுகிய மனத்தைச் சுட்டுகிறது. பாம்பன் தீவில் வாழ்கிறவர்களைப் பார்த்தவர் எவரும் இந்தச் சொல்லை உண்டாக்கியிருக்க மாட்டார்.

ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்? சிற்றூர் என்றாலே மனமும் சிறிதாகத்தானே இருக்கும்?

இந்தக் கரையின் வரலாற்றைக் கேட்ட பிறகு அப்படிச் சொல்ல முடியாது. வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில் உள்ள அழகன்குளம் இன்று சிறிய ஊர். தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது ரோமானியக் காசுகளும், மது கொண்டுவரும் அயல்நாட்டுச் சாடிகளின் துண்டுகளும், கப்பலின் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. பெரியபட்டினத்து மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. கீழக்கரை வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து வாணிகம் செய்தவர்கள். அங்கே தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் நூல்கள் தோன்றின. வெளிநாட்டுப் பயணத்தைச் 'சபர்' என்றும், போனவரைச் 'சபராளி' என்றும் அவர்கள் வீட்டுப் பேச்சில் சொல்வார்கள். 'வாப்பா சபர்ல இருக்காங்க' என்று ஏழு வயதுப் பிள்ளை சொல்லும்போது, அந்தப் பிள்ளையின் உலகத்தில் துபாயும் கொழும்பும் பினாங்கும் அடுத்த தெருக்களைப் போல இருக்கின்றன.

1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் பலரும் இந்தத் தீவு வழியாகப் போனார்கள். 1964ஆம் ஆண்டு டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அது இரு நாடுகளுக்கு இடையிலான வாசல். அந்த வாசலில் மீன் விற்றவரும் சுமை தூக்கியவரும் எத்தனை மொழி கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப்பாருங்கள்.

பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத மீனவரும் கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று காற்றின் திசையறிந்து, வடகடலில் இன்று என்ன நடக்கும், தென்கடலில் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுவார். எனினும் கடலை முழுதும் அறிந்துவிட்டேன் என்று சொல்லும் மீனவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. அந்தப் பணிவை நகரத்துப் படிப்பாளிகள் பலரிடம் தேடியும் காணவில்லை.

அப்படியானால் இந்த ஊர்களில் குறுகிய மனம் இல்லவே இல்லையா?

இருக்கிறது, மறைப்பது நேர்மையாகாது. கப்பலேறி நாடுகள் பல கண்டவரும் திரும்பி வந்து, தம் மகள் ராமநாதபுரம் கல்லூரிக்குப் பேருந்தில் போய்வருவதை 'ஊர் என்ன சொல்லும்?' என்ற ஒரு கேள்வியால் தடுத்ததைப் பார்த்திருக்கிறேன். மற்றவரோடு ஒரே படகில் உயிரைப் பணயம் வைத்துத் தொழில் செய்துவிட்டு, கரையேறியதும் அவர் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கத் தயங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பயணம் செய்வதால் மட்டும் மனம் விரிவதில்லை என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டாம்.

ஊர்ப்பேச்சின் கொடுமையைச் சங்கப் புலவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். மறைவாக முணுமுணுப்பதை 'அம்பல்' என்றும், வெளிப்படையாகப் பரவுவதை 'அலர்' என்றும் பிரித்துப் பெயர் வைக்கும் அளவுக்கு அறிந்திருந்தார்கள். கடற்கரையைப் பாடும் நெய்தல் பாட்டுகளில், ஊரார் தூற்றுவதை எண்ணி வருந்தும் தலைவியைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். அலர் அறிவுறுத்தல் என்று ஒரு அதிகாரமே திருக்குறளில் இருக்கிறது. 'ஊரவர் கௌவை எருவாக அன்னைசொல் நீராக நீளும்இந் நோய்' என்ற குறளில், ஊரார் பேச்சை எருவாகவும் தாயின் கடுஞ்சொல்லை நீராகவும் கொண்டு தன் காதல் வளர்கிறது என்கிறாள் தலைவி. அவளை ஒடுக்க வந்த பேச்சையே அவள் உரமாக்கிக்கொள்கிறாள். 'ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?' என்று எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்லும்போது, அதே துணிவின் சிறு பகுதியாவது அதில் இருக்கிறது.

கணியன் பூங்குன்றனாரின் 'யாதும் ஊரே' என்ற தொடர் இதற்கு எதிர்ச்சொல்லா?

எதிர்ச்சொல் என்று கொள்ளலாம். புறநானூற்றின் 192ஆம் பாட்டு அது. அவருடைய பூங்குன்றம் இன்றைய மகிபாலன்பட்டி என்பது வழக்கு. 1985ஆம் ஆண்டுக்கு முன் அதுவும் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது, இப்போது சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. அவர் தம் ஊரை விட்டுவிடச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லா இடமும் நம் ஊர் என்றார். தம் பெயரிலோ ஊரின் பெயரை வைத்துக்கொண்டார்.

எழுதும்போது எந்த வடிவம் சரி?

'கிணற்றுத் தவளை' என்பதே சரி. 'கிணறு' என்ற சொல்லோடு இன்னொரு சொல் சேரும்போது றகரம் இரட்டித்துக் 'கிணற்று' என்றாகும். 'ஆறு', 'ஆற்று' ஆவதைப் போல. அதன் பின் தகரம் வருவதால் 'த்' மிகும். 'கிணறு தவளை' என்றோ 'கிணற்று தவளை' என்றோ எழுதுவது பிழை.

ஒருவரை முகத்துக்கு நேரே கிணற்றுத் தவளை என்று சொல்லலாமா?

முன்றுறை அரையனார் யாரையும் நேராகச் சொல்லவில்லை. 'தேரைபோல் ஆகார்' என்றுதான் பாடினார். கேட்கும் பழக்கம் உள்ளவர் அப்படி ஆகிவிட மாட்டார் என்ற உறுதியைத்தான் தந்தார். நான் அந்த அளவுக்கு எச்சரிக்கையாக இருக்கவில்லை. ஆசிரியர் பணிக்கு வந்த புதிதில், ஊர்களின் சிறப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வகுப்பில், சாயல்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, 'எங்க ஊருக் கிணத்துத் தண்ணி ரொம்ப நல்லா இருக்கும் சார்' என்றான். 'நீ ஒரு கிணற்றுத் தவளை' என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த ஆண்டு முழுவதும் அவன் என் வகுப்பில் எழுந்து பேசவில்லை.

பழமொழி நானூற்றின் அந்த வெண்பாவைப் பிற்காலத்தில் நிதானமாகப் படித்தபோதுதான், அவன் சொன்னது தேரையின் கூற்றில் முதல் பாதி மட்டுமே என்பது எனக்கு உறைத்தது. 'வேறெங்கும் இல்லை' என்று அவன் சொல்லவே இல்லை. அவன் ஊரைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்காமல் தீர்ப்புச் சொன்னவன் நான். வெளிநாட்டு வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவனைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். 'அதெல்லாம் எதுக்கு சார், வந்ததுதான் வந்தீங்க, தண்ணி குடிச்சுட்டுப் போங்க' என்று சொல்லிவிட்டு, கிணற்றடிக்கு அழைத்துப் போய், வாளியை இறக்கி இறைத்துக் கொடுத்தான். நல்ல தண்ணீர், கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் அப்படி ஒரு சுவையை நான் எதிர்பார்க்கவில்லை.